‘இந்த மேசைக்குக் கோட்டா கிடையாது’

சென்ற ஆண்டு ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியில் இரண்டு நாள் பயிற்சிப் பட்டறை நடந்தது. மண்டையோட்டின் அடித்தளத்தில் அறுவை செய்வது எப்படி என்று கற்றுக்கொள்ள நாலைந்து மாநிலங்களிலிருந்து மருத்துவர்கள் வந்திருந்தார்கள். பன்னிரண்டு மேசைகள். மேசைக்கு ஒரு மனிதத் தலை, ஒரு எண்டோஸ்கோப், ஒரு திரை, ஒரு டிரில். நான் மருத்துவர் இல்லை. மருத்துவக் கல்வியின் வரலாற்றில் முனைவர் பட்ட ஆய்வு செய்பவள். அனுமதிக் கடிதம் வாங்கிக்கொண்டு கடைசி வரிசையில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன்.

தொடங்கிவைத்த மூத்த அறுவை மருத்துவர் நன்றாகப் பேசினார். நகைச்சுவையும் இருந்தது. நடுவில் சொன்னார்: “வெளியே எத்தனையோ கோட்டா இருக்கலாம். இந்த மேசைக்குக் கோட்டா கிடையாது. இங்கே பேசுறது கை மட்டும்தான்.” அரங்கம் சிரித்தது, கை தட்டியது.

தேநீர் இடைவேளையில், தலைகளைப் பதப்படுத்தி எடுத்துவந்த ஊழியரிடம் கேட்டேன். “அண்ணே, இதெல்லாம் எங்கிருந்து வந்தது?” அவர் தம்ளரைக் கீழே வைக்காமலே சொன்னார், “அன்கிளெய்ம்டு மேடம்.” கேட்பாரற்ற உடல்கள். ரயில் நிலையத்திலும் பேருந்து நிலையத்திலும் அரசு மருத்துவமனையின் தாழ்வாரத்திலும் செத்துப்போய், யாரும் வந்து கேட்காதவர்கள்.

அந்தப் பன்னிரண்டு பேர் எந்தக் கோட்டாவில் அந்த அரங்கத்துக்குள் வந்தார்கள் என்று அன்றைக்கு நான் எழுந்து கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

முதலில் அந்த மருத்துவர் சொன்னதில் இருக்கும் உண்மையை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது கடினமான வேலை. மூளை உட்கார்ந்திருக்கும் தட்டுதான் மண்டையோட்டின் அடித்தளம். மேலே மூளை, கீழே மூக்கு, தொண்டை, காது, கண்குழி. மேலே இருக்கும் கூரை வழவழப்பானது, ஒரே மாதிரியானது. அடித்தளம் அப்படியில்லை. மூன்று படிகளாக முன்னிருந்து பின்னுக்கு இறங்கும் கரடுமுரடான நிலம், முழுக்க ஓட்டைகள். மூளையிலிருந்து கிளம்பும் பன்னிரண்டு ஜோடி நரம்புகளும் இந்தத் தட்டின் ஓட்டைகளைத் தேடித்தான் போகின்றன. பார்வைக்கு ஒரு கால்வாய், முகத்தை அசைக்கும் நரம்புக்கும் கேட்கும் நரம்புக்கும் சேர்த்து ஒரு கால்வாய், விழுங்கவும் குரல் எழுப்பவும் உதவும் நரம்புகளுக்கு ஒரு துளை, நாக்கை அசைக்க இன்னொன்று. எல்லாவற்றிலும் பெரிய துளையின் வழியாகத் தண்டுவடம் இறங்குகிறது. மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனி நேராகப் போவதே இல்லை. எலும்புக்குள் நுழைந்து, வளைந்து, திரும்பி, பிட்யூட்டரி சுரப்பியின் பக்கவாட்டில் பாம்பைப் போல நெளிந்து ஏறுகிறது. அதை மூடியிருக்கும் எலும்பு சிலருக்குக் காகிதம் போல இருக்கும். சிலருக்கு அதுவும் இருக்காது.

இந்த இடத்துக்கு மூக்கு வழியாகவே போக முடியும் என்று 1907இல் இன்ஸ்புருக் நகரில் ஹெர்மன் ஷ்லோஃபர் காட்டினார். அவர் மூக்கையே ஒதுக்கித் திறந்துதான் பிட்யூட்டரி கட்டியை எடுத்தார். இன்றைக்கு முகத்தில் ஒரு கீறலும் கிடையாது. காது மூக்கு தொண்டை மருத்துவரும் நரம்பியல் அறுவை மருத்துவரும் தோளோடு தோள் நின்று, இரண்டு நாசித் துவாரங்களிலும் நான்கு கைகளின் கருவிகளை நுழைக்கிறார்கள். போகும் வழியில் ஸ்பீனாய்டு எலும்பின் வெற்றறை. அதன் சுவரில் இரண்டு மேடுகள் தெரியும்; ஒன்றின் பின்னால் பார்வை நரம்பு, மற்றொன்றின் பின்னால் கரோட்டிட். டிரில் ஒரு மில்லிமீட்டர் தப்பினால் கண் போகும், அல்லது உயிர் போகும். வேலை முடிந்தபின் திறந்த ஓட்டையை அடைக்காவிட்டால் மூளையைச் சுற்றியுள்ள நீர் மூக்கில் ஒழுகும், கிருமி மேலே ஏறும். நடுமூக்குச் சுவரின் சவ்வை ரத்தக்குழாயோடு உரித்துத் திருப்பி அந்த ஓட்டையை மூடும் முறை 2006இல் வெளியானது. அதன்பிறகுதான் இந்த வழி உலகம் முழுக்கப் பரவியது.

இது எதுவும் யாருக்கும் கருவிலேயே கிடைத்துவிடுவதில்லை. நான் பார்த்த வரையில் இதைக் கற்றுக்கொள்ளும் முறை மிகச் சாதாரணமானது; தச்சுப்பட்டறையில் கற்றுக்கொள்வது போன்றது. முதலில் காய்ந்த மண்டையோடு. கையில் வைத்துத் திருப்பித் திருப்பி, ஓட்டைகளில் கம்பியை விட்டு எங்கே வெளிவருகிறது என்று பார்க்க வேண்டும். அடுத்து கோழிமுட்டை. ஆமாம், கடையில் வாங்கும் முட்டைதான். டிரிலால் ஓட்டைச் சுரண்டி எடுக்க வேண்டும், உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு கிழியக்கூடாது. கிழிந்தால் அடுத்த முட்டை. அதன்பின் ஆட்டுத்தலை. இறைச்சிக்கடையில் வாங்கி, அதன் மூக்குக்குள் எண்டோஸ்கோப்பை விட்டுப் பழகுவார்கள். அடுத்ததாகப் பதப்படுத்திய மனிதத் தலை, தமனிக்குச் சிவப்பும் சிரைக்கு நீலமும் லேட்டக்ஸ் ஏற்றியது. கடைசியில்தான், மூத்தவர் பக்கத்தில் நிற்க, உயிருள்ள நோயாளி.

இந்தத் துறையில் எல்லோரும் கையெடுத்துக் கும்பிடும் பெயர் ஆல்பர்ட் ரோட்டன். ஃபுளோரிடாவில் பல பத்தாண்டுகள் உட்கார்ந்து, லேட்டக்ஸ் ஏற்றிய தலைகளை நுண்ணோக்கியில் பிரித்துப் பிரித்துப் படமெடுத்தவர், 2016இல் இறந்தார். உலகம் முழுவதிலிருந்தும் அறுவை மருத்துவர்கள் அவர் ஆய்வகத்துக்குப் போய் மாதக்கணக்கில் தலைகளோடு உட்கார்ந்து பழகினார்கள். தகுதி என்று இவர்கள் சொல்வதன் உள்ளே இருப்பது இதுதான்: எத்தனை முட்டை, எத்தனை ஆட்டுத்தலை, எத்தனை மனிதத் தலை, எத்தனை முறை மூத்தவர் ‘நீ செய்’ என்று கருவியைக் கையில் கொடுத்தார். இதில் ஒன்றுகூடப் பிறப்பால் வருவதில்லை. ஆனால் ஒவ்வொன்றும் கிடைப்பதா இல்லையா என்பதைப் பிறப்பு தீர்மானிக்கிறது. அந்த இரண்டு நாள் பட்டறையின் கட்டணம், ஒரு ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர் பல மாதம் வேலை செய்து வாங்கும் சம்பளம்.

இனி அந்த மண்டையோடுகளுக்கு வருவோம்.

நம்மூர் எம்.பி.பி.எஸ். மாணவர்கள் முதலாண்டில் ‘போன் செட்’ வாங்குவார்கள். சீனியரிடமிருந்து ஜூனியருக்குக் கைமாறும். அந்த எலும்பு யாருடையது என்ற கேள்வி அதோடு சேர்ந்து கைமாறுவதில்லை. 1985இல் இந்திய அரசு தடை செய்யும்வரை உலகின் மருத்துவக் கல்லூரிகளுக்கு மனித எலும்புக்கூடுகளை அனுப்பிய முதன்மையான நாடு இந்தியாதான். கல்கத்தா அதன் தலைநகரம். சுடுகாட்டிலும் ஆற்றங்கரையிலும் கிடைத்த உடல்களைச் சுத்தம் செய்து, வெளுத்து, கம்பி கோத்துக் கொடுத்தவர்கள் டோம் சாதியினர். பிணத்தைத் தொடுவதற்கென்றே சாதி ஒதுக்கிவைத்த தலித் மக்கள். லண்டனிலும் சிகாகோவிலும் ஒரு தலைமுறை மாணவர்கள் மண்டையோட்டின் துளைகளில் கம்பி விட்டுப் படித்தது பெரும்பாலும் வங்காளத்து, பீகாரத்து ஏழைகளின் தலைகளில். தடைக்குப் பிறகும் வியாபாரம் நிற்கவில்லை. 2007இல் மேற்கு வங்கத்தின் பூர்பஸ்தலியில் எலும்புக் குவியலே பிடிபட்டது. 2021இல் கொல்கத்தாவின் ஓர் அரசு மருத்துவக் கல்லூரி பிணவறை வேலைக்கு ஆறு இடங்களை அறிவித்தபோது எண்ணாயிரம் பேர் விண்ணப்பித்தார்கள், பொறியாளர்கள் உட்பட. அந்த வேலையை எல்லோரும் அழைத்த பெயர் ‘டோம்’. சாதியின் பெயரே பதவியின் பெயர். ‘பேராசிரியர்’ பதவிக்கு இப்படி ஒரு சாதிப் பெயரை யாராவது வைத்துப் பார்க்கட்டும்!

இது இந்தியாவின் கதை மட்டும் என்று யாரும் நினைக்க வேண்டாம். 1989இல் அமெரிக்காவின் அகஸ்டா நகரில், பழைய மருத்துவக் கல்லூரிக் கட்டடத்தைப் பழுதுபார்க்கும்போது அடித்தளத்து மண்ணிலிருந்து ஆயிரக்கணக்கான மனித எலும்புகள் வந்தன. பெரும்பாலும் கறுப்பின மக்களுடையவை. கிராண்டிசன் ஹாரிஸ் என்ற அடிமையைக் கல்லூரி ஆசிரியர்கள் 1852இல் விலைக்கு வாங்கி, கறுப்பர்களின் கல்லறையைத் தோண்டி உடல் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். வியன்னாவிலோ, நாஜி ஆட்சியில் கொல்லப்பட்ட 1,377 பேரின் உடல்கள் உடற்கூறியல் நிறுவனத்துக்குக் கொண்டுபோகப்பட்டதைப் பல்கலைக்கழகமே விசாரித்து 1998இல் அறிக்கை வெளியிட்டது. அங்கே வரையப்பட்ட பெர்ன்கோஃப் அட்லஸை இன்னும் அறுவை அரங்கத்தில் திறக்கலாமா கூடாதா என்று அந்தத் துறை இன்றுவரை வாதாடுகிறது. காலம் கடந்த வாதம்தான், ஆனாலும் வாதம் நடக்கிறது.

இங்கே நமக்கு ஒரு சட்டம் இருக்கிறது. 1951ஆம் ஆண்டின் தமிழ்நாடு உடற்கூறியல் சட்டம். கேட்பாரற்ற உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுக்கலாம் என்று சொல்கிறது. இதன் தாத்தா 1832இல் பிரிட்டன் போட்ட சட்டம். அங்கே ஏழைகள் விடுதியில் செத்தவனின் உடல் மேசைக்குப் போனது. கேட்பாரற்றவர் என்பவர் யார்? நிலம் இருப்பவன் கேட்பாரற்றுச் சாவதில்லை. சாதிச் சங்கம் இருப்பவனின் பிணத்துக்கு மாலை வருகிறது. ஊரைவிட்டுப் பிழைக்க வந்தவன், செங்கல் சூளையிலிருந்து தப்பியவள், மனநிலை குன்றித் தெருவில் திரிந்தவர், குடும்பத்துக்கு உடலை ஊர்கொண்டு சேர்க்க ஆம்புலன்ஸ் வாடகை இல்லாதவர், இவர்கள்தான் கேட்பாரற்றவர்கள். உறுப்புதானம் செய்பவர்களுக்கு அரசு மரியாதையோடு இறுதிச்சடங்கு என்று 2023இல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. நல்ல அறிவிப்பு, மனதார வரவேற்கிறேன். தானம் கேட்கப்படாமலே முழு உடலையும் கொடுத்தவருக்கு என்ன மரியாதை? மேசை எண்.

சொந்தக் கதைக்கு வருகிறேன். தவிர்க்க நினைத்தேன், முடியவில்லை.

என் அப்பா ஒரு மாவட்ட அரசு மருத்துவமனையில் முப்பது ஆண்டுக்கு மேல் வேலை பார்த்தார். பதிவேட்டில் துப்புரவுப் பணியாளர். (இப்போது தூய்மைப் பணியாளர் என்று பெயரை மாற்றிவிட்டார்கள்.) செய்தது பிணவறை வேலை. தினம் இரண்டு, மூன்று. திங்கட்கிழமைகளில் ஞாயிற்றுக்கிழமை விபத்துகளும் சேர்ந்து ஐந்து, ஆறு. ஒரு காதிலிருந்து மறு காதுவரை உச்சந்தலை வழியாகக் கீறித் தோலை முன்னும் பின்னும் மடித்து, ரம்பத்தால் ஓட்டைச் சுற்றி அறுத்து, உளியை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால் மூடி கழன்றுவரும். மூளையை முன்பக்கமிருந்து தூக்கி, நரம்புகளை ஒவ்வொன்றாக அறுத்து, கடைசியில் தண்டுவடத்தையும் அறுத்து முழுசாக வெளியே எடுக்க வேண்டும். அதோடு முடியாது. அடித்தளத்தில் எலும்பு முறிந்திருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால், அதன்மேல் ஒட்டியிருக்கும் உறையை உரித்தாக வேண்டும். உரிக்காவிட்டால் முறிவு தெரியாது, அறிக்கை தவறாகப் போகும், வழக்கு கெடும். அந்த உறை அடித்தளத்தில் எவ்வளவு இறுக்கமாக ஒட்டியிருக்கும் என்பது உரித்தவருக்குத்தான் தெரியும்.

கணக்குப் போடுங்கள். அந்த மாவட்டத்தில் மண்டையோட்டின் அடித்தளத்தை அதிகம் முறை நேரில் பார்த்த மனிதர் யார்? நரம்பியல் அறுவை மருத்துவர் இல்லை, பேராசிரியர் இல்லை. என் அப்பா. மோட்டார் சைக்கிள் விபத்தில் ஒரு வகை முறிவு வரும். ஒரு காதுப்பக்கத்திலிருந்து மறு காதுப்பக்கம்வரை அடித்தளம் குறுக்கே பிளந்து, முன்பாதி பின்பாதி என்று கீல் போல ஆடும். பாடநூலில் அதற்கு மோட்டார் சைக்கிள்காரரின் முறிவு என்றே பெயர் உண்டு. அப்பா உறையை உரிப்பதற்கு முன்னாலேயே, தலையை இரண்டு கையாலும் பிடித்து லேசாக அசைத்துப் பார்த்துச் சொல்வாராம், “ரெண்டா விட்டிருக்கு சார்.” மருத்துவர் வாசல் பக்கம் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்று எழுதிக்கொள்வார். நீதிமன்றத்தில் அது மருத்துவரின் கருத்து.

எல்லோரும் அப்படி இல்லை. ஒரே ஒரு மருத்துவர், பெண், கையுறை போட்டுப் பக்கத்தில் நின்று வேலை செய்தாராம். காதுப்பக்க எலும்பைக் காட்டி, “இதுக்குப் பேரு பீட்ரஸ். கல்லுன்னு அர்த்தம். உடம்புலயே இதுதான் கெட்டி எலும்பு” என்று சொல்லிக்கொடுத்தாராம். அப்பா இன்றுவரை அந்தப் பெயரைச் சரியாக உச்சரிப்பார். அந்த அம்மா மாற்றலாகிப் போன வருடத்தையும் சொல்வார்.

அப்பா குடித்தார். அதை மறைக்கப்போவதில்லை. அதற்காகவே பள்ளியில் என்னைப் பிள்ளைகள் கேலி செய்தார்கள், பிணவறைக்காகவும் செய்தார்கள். மருத்துவ மாநாட்டு இரவு விருந்தில் ஊற்றப்படும் விஸ்கியை யாரும் யாருடைய சாதியோடும் சேர்த்துப் பேசுவதில்லை என்பதை ஆய்வு மாணவியானபின் பார்த்தேன்.

இப்போது வரலாற்றைக் கொஞ்சம் திருப்பிப் பார்ப்போம். சுசுருதரைக் காட்டி உலகின் முதல் அறுவை மருத்துவம் எங்களுடையது என்று மார்தட்டும் கூட்டம் ஒன்றிருக்கிறது. மருத்துவன் கொடுக்கும் சோற்றை உண்ணக்கூடாது, சிராத்தத்துக்கு அவனை அழைக்கக்கூடாது என்று மனு எழுதிவைத்ததை அவர்கள் சொல்வதில்லை. ரத்தத்தையும் சீழையும் தொடுபவன் தீட்டு. அதனால்தான் தமிழ்நாட்டில் கட்டி கீறியதும் பிரசவம் பார்த்ததும் நாவிதர் குடும்பங்கள். அந்தச் சமூகத்தின் பெயர் அரசு சாதிப் பட்டியலில் இன்றும் ‘மருத்துவர்’. 1794இல் லண்டன் பத்திரிகை ஒன்று, திப்புவின் படையிடம் பிடிபட்டு மூக்கறுபட்ட கவாஸ்ஜி என்ற மாட்டுவண்டிக்காரருக்குப் புனே பக்கம் ஒருவர் நெற்றித் தோலை எடுத்துப் புது மூக்கு வைத்த செய்தியைப் படத்தோடு போட்டது. ஐரோப்பா அசந்துபோனது. இருபது ஆண்டு கழித்து லண்டனில் கார்ப்யூ அதைச் செய்துபார்த்தார். நவீன ஒட்டறுவை அங்கிருந்துதான் வளர்கிறது. வைத்தவர் என்ன சாதி என்று அந்தப் பத்திரிகையே எழுதியிருக்கிறது: செங்கல் செய்யும் சாதி. அவர் பெயரை எழுதவில்லை.

1836இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் மதுசூதன் குப்தா என்ற சமஸ்கிருதப் பண்டிதர் பிணத்தை அறுத்தார். அதற்காகக் கோட்டையில் பீரங்கி முழங்கியதாகக் கதை சொல்வார்கள். தீட்டை மீறிய துணிச்சல் என்று பாடநூல்கள் புகழ்கின்றன. துணிச்சல்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பிணத்தை அறைக்குக் கொண்டுவந்தவருக்கும், முடிந்தபின் எடுத்துப்போனவருக்கும் எந்தப் பீரங்கி முழங்கியது? இழிவாக இருந்தவரை இந்த வேலை எங்களுடையது. பெருமையாக மாறிய நாளில் அது தகுதி ஆகிவிட்டது.

1992இல் மண்டல் தீர்ப்பில் பிற்படுத்தப்பட்டோருக்கு 27 விழுக்காட்டை உறுதிசெய்த அதே உச்ச நீதிமன்றம், மருத்துவத்தின் உயர்சிறப்புத் துறைகளில் இடஒதுக்கீடு உகந்ததில்லை என்றும் சேர்த்து எழுதியது. 1999இல் பிரீத்தி ஸ்ரீவஸ்தவா வழக்கில் அது இன்னும் இறுகியது. எம்.சிஹெச். நரம்பியல் அறுவை போன்ற படிப்புகளில் தலித்துக்கும் பழங்குடிக்கும் பிற்படுத்தப்பட்டோருக்கும் இடம் ஒதுக்கக்கூடாது, அந்த உயரத்தில் தகுதி மட்டுமே. அரசு மருத்துவமனையில் உழைக்கும் மருத்துவர்களுக்கு உயர்சிறப்புப் படிப்பில் பாதி இடம் என்று தமிழ்நாடு 2020இல் போட்ட ஆணைக்குக்கூட உச்ச நீதிமன்றம்வரை போய்ப் போராட வேண்டியிருந்தது. அதில் சாதி என்ற சொல்லே கிடையாது!

“உன் அம்மாவுக்கு மூளையில் கட்டி வந்தால் கோட்டா டாக்டரிடம் காட்டுவாயா?” இது அவர்களின் பிரம்மாஸ்திரம். தோழர்களே, இந்தக் கேள்விக்கு வெட்கப்பட்டு மழுப்பாதீர்கள். இடஒதுக்கீடு நுழைவாயிலில் மட்டும்தான்; வெளியே வரும் தேர்வு எல்லோருக்கும் ஒன்றுதான். 2023இல் முதுநிலை நீட் தகுதி மதிப்பை எல்லாப் பிரிவினருக்கும் பூஜ்ஜியம் பர்சென்டைல் ஆக்கினார்கள், காலி இடங்களை நிரப்ப. மூக்கு வழியாக மூளைக்குப் போகும் காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் அந்தத் தேர்வு வழியாகத்தான் வருகிறார்கள். அப்போது எந்த உயிருக்கும் ஆபத்து வரவில்லை. கோடி கொடுத்து வாங்கும் நிர்வாக இடத்துக்கும் யாருடைய அம்மாவும் பயப்படுவதில்லை. எங்கள் பிள்ளை வந்தால் மட்டும் நோயாளியின் உயிர் நினைவுக்கு வருகிறது. என் அம்மாவுக்குக் கட்டி வந்தால் நான் கேட்கப்போவது, ‘டாக்டர், இதை எத்தனை முறை செய்திருக்கிறீர்கள்?’ என்பது மட்டும்தான்.

உள்ளே போனபிறகும் கருவியைக் கையில் கொடுப்பது யார் என்ற கேள்வி நிற்கிறது. எய்ம்ஸில் நடந்த சாதிப் பாகுபாட்டைத் தோரட் குழு 2007இல் எழுதிவைத்தது. 2019 மே மாதம் மும்பையில் முதுநிலை படித்த பழங்குடி மருத்துவர் பாயல் தட்வி இறந்தார். சீனியர்கள் சாதி சொல்லி வதைத்தார்கள், அறுவை அரங்கில் வேலை பழக விடவில்லை என்பது குடும்பத்தின் குற்றச்சாட்டு. வழக்கு நீதிமன்றத்தில் இருக்கிறது. அறுவையை வேடிக்கை பார்த்துக் கற்றுக்கொள்ள முடியாது. டிரிலைப் பிடிக்க விடாமல் மூன்று வருடம் ஓரமாக நிற்கவைத்துவிட்டு, நான்காம் வருடம் ‘பாருங்கள், இவர்களுக்குக் கை வராது’ என்று சொல்வது எளிது.

நம் பக்கமும் ஒரு குறை இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். நாம் நீட்டுக்காகத் தெருவில் நின்றோம், நிற்க வேண்டியதுதான். அனிதாவை மறக்க முடியாது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு வந்தபோது கொண்டாடினோம். ஆனால் சேரியிலிருந்து ஒரு பிள்ளை எம்.பி.பி.எஸ். சேர்ந்ததும் சால்வை போட்டுப் படம் எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறோம். அதற்குமேல் பத்து ஆண்டுப் படிக்கட்டு இருக்கிறது. உச்சிப்படியில் நமக்கு இடமே இல்லை என்று சட்டம் எழுதியிருக்கிறது. அதற்கு எதிராக ஒரு பெரிய மாநாடுகூட நாம் நடத்தவில்லை. மலக்குழி மரணங்களைப் பற்றி எழுதும் நம் பத்திரிகைகளில் பிணவறைக்கு எத்தனை பக்கம்?

உயர்சிறப்பில் இடஒதுக்கீடு வேண்டும். சட்டத் திருத்தம் தேவையென்றால் அதற்கான போராட்டம் வேண்டும். தலைகளையும் டிரிலையும் வைத்துப் பழகும் ஆய்வகம் ஒவ்வொரு அரசு மருத்துவக் கல்லூரியிலும் கட்டணமில்லாமல் இருக்க வேண்டும், அது தனியார் கல்லூரியின் வார இறுதிச் சந்தையாக இருக்கக்கூடாது. கேட்பாரற்ற உடலை நிறுத்திவிட்டு, விரும்பிக் கொடுத்த உடலை மட்டும் மேசைக்குக் கொண்டுவர முடியும். பெரியார் தொண்டர்கள் பலர் பல ஆண்டுகளாக உடல்தானம் செய்துவருகிறார்கள். மேட்டுக்குடியினர் தங்கள் தலையையும் கொஞ்சம் கொடுத்துப் பார்க்கட்டுமே. பிணவறையில் வேலை செய்பவருக்கு அந்த வேலையின் பெயரில் பதவி, பயிற்சி, சம்பளம், தடுப்பூசி, பிரேதப் பரிசோதனை அறிக்கையில் ஒரு கையெழுத்து வரி. அப்பா ஓய்வுபெற்ற நாள்வரை கேட்டது இரண்டே இரண்டு: நல்ல கையுறை, எரியும் விளக்கு. இரண்டும் முழுசாக வந்ததில்லை.

பட்டறை முடிந்து ஊருக்குப் போனபோது, அமைப்பாளர்கள் எல்லோருக்கும் கொடுத்த வீடியோவை அப்பாவுக்குக் கைப்பேசியில் காட்டினேன். எண்டோஸ்கோப் நாசிக்குள் நுழைந்து ஸ்பீனாய்டு அறைக்குள் வந்து நின்றது. கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு பார்த்தார்.

“மூக்கு வழியாவா போறாங்க? அந்த எலும்பு அப்பளம் மாதிரி இல்ல இருக்கும்.”

“ஆமாப்பா. அதனாலதான் போக முடியுது.”

“பக்கத்துலயே பெரிய ரத்தக்குழா இருக்குமே பாப்பா. நாம மேலருந்து எடுக்கும்போது அது வளைஞ்சு வந்து நிக்கும்.”

“அதத்தான் அவங்களும் பயந்துக்கிட்டே செய்றாங்க.”

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் டிரில் சுற்றியது, எலும்புத்தூள் பறந்தது.

“தலைய யாரு புடிச்சிருக்கா?” என்று கேட்டார்.

“யாரும் இல்லப்பா. கிளாம்ப் போட்டிருக்காங்க.”

“அப்பிடியா” என்றார். அப்புறம் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “இன்னொரு வாட்டி மொதல்லருந்து போடு” என்றார்.